மீஞ்சூரின் அடியில் சமுத்திரம்

சென்னை மாநகரின் எல்லை எதுவரை என்று கேட்டால் மாநகராட்சியின் வரைபடம் ஒரு விடை சொல்லும். அந்நகரம் அருந்தும் நீர் எங்கிருந்து வருகிறது என்று ஆராயப் புகுந்தவனுக்குக் கிடைக்கும் விடை அதனினும் பன்மடங்கு விஸ்தாரமானது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்ற நான்கு நீர்நிலைகளும், 1996-ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணா நதியும், 2004-ஆம் ஆண்டு முதல் வீராணம் ஏரியும் அந்த விடையில் அடங்கும். ஆயினும் இவற்றுள் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் நகரத்தைத் தாங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தாங்கியது, நகரத்துக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் கோயில் கொண்டிருப்பதால் வடகாஞ்சி என்று ஜனங்களால் போற்றப்படும் மீஞ்சூரின் வயல்களுக்கு அடியில் கிடக்கும் மணற்படுகையே. அப்படுகை தன்னை நம்பியவர்களுக்கு அளித்ததையும், அளித்ததனால் தான் இழந்ததையும், இழந்ததை மீட்பதற்கு ஊராரும் நகரத்தாரும் எந்த வகையில் பொறுப்பாளிகள் என்பதையும் சொல்வதே இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

ஆந்திர நாட்டுக் குன்றுகளில் தோன்றிப் பழவேற்காட்டை நோக்கி ஓடும் ஆரணியாறும், பூண்டியையும் தாமரைப்பாக்கத்தையும் வல்லூரையும் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கும் கொசஸ்தலையாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தத்தம் போக்கை மாற்றி மாற்றி ஓடி, சென்ற இடமெல்லாம் மணலையும் கூழாங்கல்லையும் களிமண்ணையும் அடுக்கடுக்காகப் படியவிட்டிருக்கின்றன. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இவ்விரண்டு ஆறுகளையும் மேலிருந்து பார்ப்பவர்கள் இவற்றால் என்ன பிரயோஜனம் என்று எண்ணக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெள்ளம் வரும்போது அது மணலினுள் இறங்கிப் பூமிக்கடியில் ஒரு மௌனமான நதியாகக் கடலை நோக்கி மெல்ல நகர்கிறது என்பதை அவர்கள் அறியார். அந்த நகர்ச்சி மிக மெதுவானதுதான். ஆனால் அதுவே நிலத்துக்கும் கடலுக்கும் இடையே இருந்த சமாதான உடன்படிக்கை.

1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு இப்பிரதேசத்தில் நடந்த ஆராய்ச்சி, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் இட்டு ஏராளமாக நீர் எடுக்கலாம் என்று கண்டது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் எழுந்துகொண்டிருந்த காலம் அது. ஆலைகளுக்கும் நகரத்துக்கும் ஒருங்கே தாகம் எடுத்தது. கிணறுகள் தோண்டப்பட்டன, பம்புகள் இரவும் பகலும் இயங்கின. அதே காலத்தில் கிராமங்களுக்கு மின்சாரம் வந்து, நீர் இறைக்கும் கவலையும் ஏற்றமும் மறைந்து, ஒவ்வொரு விவசாயியின் கிணற்றிலும் மோட்டார் குடியேறிற்று. முப்போகம் விளைந்தது என்பதும், அதனால் பல குடும்பங்கள் வறுமையினின்று மீண்டன என்பதும் மறைக்கக்கூடாத உண்மைகள். இப்படி ஒரே படுகையிலிருந்து ஆலையும் நகரமும் வயலும் நீர் எடுக்கத் தொடங்கியபோது, கணக்கில் எவரும் சேர்க்காத நான்காவது பங்காளி ஒருவர் கிழக்கே இருந்தார்.

கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. ஒரு லிட்டர் நன்னீரின் நிறை ஒரு கிலோகிராம் என்றால், ஒரு லிட்டர் கடல்நீரின் நிறை ஏறக்குறைய 1.025 கிலோகிராம். இந்த வித்தியாசம் அற்பமாகத் தோன்றும், விளைவோ அற்பமன்று. 1880-களின் இறுதியில் பாடோன் கைபன் என்ற டச்சு ராணுவப் பொறியாளரும், 1901-ஆம் ஆண்டு ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் ஒருவரையொருவர் அறியாமலே இதனை ஆராய்ந்து, கடற்கரை மணலில் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது என்றும், மிதப்பதற்கான விதி மிக எளியது என்றும் கண்டார்கள். 41 மீட்டர் உயரமுள்ள நன்னீர்த் தூணின் பாரமும் 40 மீட்டர் உயரமுள்ள கடல்நீர்த் தூணின் பாரமும் சமம். ஆகவே நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரையில் நன்னீர் நிலைகொள்ளும். அந்த ஆழத்தில்தான் உப்புநீர் தொடங்கும். இவ்விதியைத் தலைகீழாக வாசித்தால் மீஞ்சூரின் கதை முழுவதும் விளங்கிவிடும். பம்புகளின் உழைப்பினால் நன்னீர்மட்டம் ஒரு மீட்டர் தாழுமானால், அடியிலுள்ள உப்புநீர், காலப்போக்கில், 40 மீட்டர் மேலெழ உரிமை பெறுகிறது. மட்டம் கடலுக்கும் கீழே இறங்கிவிடுமானால் பூமிக்கடியிலிருந்த அந்த மௌன நதி நின்று, திரும்பி, கடலிலிருந்து ஊரை நோக்கி ஓடத் தொடங்குகிறது.

மீஞ்சூரில் நிகழ்ந்தது இதுதான். 1969-ஆம் ஆண்டளவில் கரையிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உள்ளே காணப்பட்ட உப்புநீரின் முனை, 1980-களின் பிற்பகுதிக்குள் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பின்னர் வந்த ஆய்வுகள் அதனினும் உள்ளே அதனைக் கண்டன. மீஞ்சூர்க் கடைவீதியிலிருந்து கடற்கரை ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவுதான். ஊரைக் கடந்து சமுத்திரம் போய்விட்டது. ஆனால் அலையும் இல்லை, ஓசையும் இல்லை. முதலில் கிணற்று நீரில் பருப்பு வேகாமல் போயிற்று, சோப்பு நுரைக்கவில்லை, வாயில் ஒரு கரிப்பு நின்றது. பிறகு நெற்பயிரின் இலைநுனி கருகிற்று. கோடையில் வயல்மேல் வெண்ணிறமாக உப்புப் பூத்தது.

எவ்வளவு கடல்நீர் கலந்தால் ஒரு கிணறு கெடும் என்ற கேள்விக்கு விடை அச்சம் தருவது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு. குடிநீரில் 250 மில்லிகிராமுக்கு மிகாமல் இருப்பது நலம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நூற்றுக்கு இரண்டு பங்கு கடல்நீர் சேர்ந்தாலே அந்த வரம்பு தாண்டிவிடுகிறது. மண்ணுக்கு நேரும் கேடு இன்னும் நுட்பமானது. களிமண்ணின் துகள்களைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. உப்புநீரிலுள்ள சோடியம் அந்தக் கால்சியத்தை வெளியேற்றித் தான் அமர்ந்துகொள்ளும்போது, துகள்கள் உப்பிப் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. பின்பு மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்குவதில்லை. உப்பைக் கழுவ வேண்டிய மழைக்கே உப்பு கதவைச் சாத்திவிடுகிறது என்பது இதன் கொடுமை.

கிணற்றில் கரிப்புக் கண்டவுடன் அது கடலின் வேலை என்று முடிவு கட்டிவிடலாகாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இப்பிரதேசத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. ஓதநீர் ஏறி இறங்கும் பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறது. பண்டைக் காலத்தில் கடல் இன்னும் உட்புறம் நின்றபோது களிமண்ணில் தங்கிப்போன உப்பும் இருக்கிறது. சாக்கடையும் உரமும் குளோரைடு தருவன. இவற்றைப் பிரித்தறிய விஞ்ஞானிகள் கையாளும் வழிகளுள் ஒன்று புரோமைடு. உலகச் சமுத்திரங்கள் யாவற்றிலும் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள நிறை விகிதம் ஏறக்குறைய 290-க்கு 1 என்று மாறாமல் இருக்கிறது. சாக்கடையில் அந்த விகிதம் வேறு. ஆகையால் கிணற்று நீரைச் சோதித்து, உப்பு எங்கிருந்து வந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மற்றொரு வழி, தரையில் இரும்புக் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்திப் பார்ப்பது. நன்னீர் நிறைந்த மணல் மின்சாரத்தைத் தடுக்கும். உப்புநீர் நிறைந்த மணல் இடங்கொடுக்கும். ஒரு கிணறும் தோண்டாமல் உப்புநீரின் எல்லையை வரைபடமாக்க இது உதவுகிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிலத்தடி நீரியல் ஆய்வாளர்கள் இந்த ஆரணி–கொசஸ்தலைப் படுகையைப் பல ஆண்டுகள் இவ்வாறு ஆராய்ந்து வந்திருப்பதால்தான், இந்தியாவில் கடல்நீர் ஊடுருவல் பற்றிப் பேசுகிறவர்கள் மீஞ்சூரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1987-ஆம் ஆண்டு சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டு, குறிப்பிட்ட கிராமங்களில் புதிய கிணறு தோண்டவும் நீரை லாரிகளில் கொண்டு செல்லவும் அனுமதி வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆனால் நிலத்தடி நீரின் சுபாவமே சட்டத்துக்கு அடங்காத ஒன்று. நிலத்துக்கு வேலியுண்டு, வேலிக்கு அடியில் ஓடும் நீருக்கு வேலியில்லை. ஒரே இளநீரில் பத்துப் பேர் குழல் வைத்து உறிஞ்சுவதைப் போன்றது அது. நான் உறிஞ்சாமல் விட்டது எனக்கு மிஞ்சாமல் பக்கத்தில் இருப்பவன் வாய்க்குப் போகும் என்று அறிந்தவன் எப்படி நிதானமாகக் குடிப்பான்? தனியொருவன் செய்யும் தியாகம் இங்கே வீணாகிறது. ஊர் கூடிச் செய்யும் தியாகம் மட்டுமே பலிக்கிறது. நிலத்தடி நீரைக் காப்பது சமூகத்தின் காரியமாயிருப்பதற்கு இதுவே ஆதாரமான காரணம்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் இப்படுகை கண்டது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் பருவமழை பொய்த்து நகரம் தவித்தபோது, சென்னைக் குடிநீர் வாரியம் திருவள்ளூர்ப் பகுதி விவசாயிகளின் கிணறுகளை வாடகைக்கு அமர்த்தி நீர் வாங்கிற்று. பின்னர் வந்த வறட்சிகளிலும் அந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப நடந்தது. நெல் பயிரிட்டுக் கிடைப்பதைவிட நீரை விற்றுக் கிடைப்பது அதிகமாயிருக்கையில் ஒரு விவசாயி விற்றதைக் குற்றம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அவன் விற்றது அவன் கிணற்று நீரை மட்டுமன்று. அடுத்த வயல்காரனின் நீரையும், நிலமற்ற கூலிக்காரனின் வேலையையும், கடலை எதிர்த்து நின்ற நீரழுத்தத்தையும் சேர்த்தே விற்றான். விலை கொடுத்தவர்களுக்கும் அது தெரியவில்லை, விற்றவனுக்கும் தெரியவில்லை. பொதுவான ஒன்றின் விலை தனித்தனியாகப் பேசப்படும்போது இப்படித்தான் நேர்கிறது.

தொண்டை மண்டலத்துக்கு இது புதிய பாடமாயிருக்க வேண்டியதில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். மேட்டிலிருந்து பள்ளம் வரை ஓர் ஏரியின் கலிங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு சங்கிலித் தொடராக அமைந்த அவ்வேரிகள் பாசனத்துக்கு உதவியதோடு, தரையின் மேல் நீரைப் பல மாதங்கள் நிறுத்திவைத்துப் பூமிக்குள் இறக்கும் பணியையும் செய்தன. ஏரி நிறைந்திருந்தால் ஆயக்கட்டில் உள்ள கிணறுகளும் ஊறும் என்பது இப்பக்கத்து விவசாயிக்கு எந்த நூலும் கற்பிக்காத ஞானம். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919 மற்றும் 921-ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் ஒன்று அவ்வூர்ச் சபையின் அங்கமாக இருந்ததையும், வாரியத்தாரின் பதவிக்காலம் 360 நாள் என்பதையும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்பதையும் தெரிவிக்கின்றன. நீரின் நிர்வாகத்தையும் கணக்கையும் அச்சபை பிரித்து நோக்கவில்லை.

அந்த ஏற்பாடு எப்படிச் சிதைந்தது என்பது நீண்ட சரித்திரம். கிராமத்தின் பொது வருவாயை அரசு தனக்கென எடுத்துக்கொண்ட பின்னர், ஏரியைப் பழுது பார்க்கும் கடமையை மட்டும் கிராமத்தார்மேல் விட்டுவைத்து, அதையும் 1858-ஆம் ஆண்டு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமாக ஆக்கிற்று ஆங்கில அரசாங்கம். உரிமை போய்க் கடமை மட்டும் எஞ்சும் இடத்தில் எந்த ஏற்பாடும் நிலைக்காது. 2017-ஆம் ஆண்டு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில், ஆயக்கட்டு விவசாயிகள் சங்கங்கள் செலவில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தந்து வேலையைத் தாமே நடத்துவதற்கு இடம் வைத்தார்கள். அதன் பயன் ஊருக்கு ஊர் வேறுபட்டது. விவசாயிகள் தாமாகவே கூடிய இடங்களில் வரத்துக் கால்வாய்கூடத் தூர் வாரப்பட்டது. பெயரளவுக்குச் சங்கம் அமைந்த இடங்களில் ஏரியின் நடுவே மண் எடுக்கப்பட்டதோடு காரியம் நின்றது. வரத்துக் கால்வாய் அடைபட்ட ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் அதில் நிரம்புவது வெயில்தான். இப்படுகையின் இரண்டு ஆறுகளின் குறுக்கேயும் தடுப்பணைகள் கட்டப்பட்டிருக்கின்றன. வெள்ளத்தைச் சில வாரங்கள் நிறுத்தி மணலுக்குள் இறங்கச் செய்யும் அவற்றைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டமும் நீரின் குணமும் மேம்படுவதை ஆய்வாளர்கள் ஆரணியாற்றங்கரையில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

அளப்பது என்ற இந்தக் காரியத்தை விவசாயிகளே மேற்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆரணியாறு பிறக்கும் சித்தூர்ச் சீமையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு 2003-ஆம் ஆண்டு முதல் ஆந்திரத்தில் சித்தூர், அனந்தபூர், கடப்பை முதலிய ஏழு மாவட்டங்களில் நடந்த அந்த முயற்சியில், எவருக்கும் மானியம் தரப்படவில்லை. எந்தக் கிணற்றையும் மூடும்படி எவரும் சொல்லவில்லை. ஆணும் பெண்ணுமாகக் கிராம விவசாயிகள் மழைமானியில் மழையை அளந்தார்கள். பதினைந்து நாளைக்கு ஒரு முறை குறிப்பிட்ட கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்தார்கள். எல்லாருக்கும் தெரியும்படி ஊர்ச் சுவரில் எழுதிவைத்தார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் ஊர் கூடி, இவ்வாண்டு பூமிக்குள் இறங்கிய நீர் எவ்வளவு, எண்ணிய பயிர்களையெல்லாம் இட்டால் வேண்டிய நீர் எவ்வளவு என்று வரவு செலவு போட்டுப் பார்த்தார்கள். பற்றாக்குறை தெரிந்த ஊர்களில் பலர், எவருடைய கட்டளையும் இல்லாமல், நெல்லைக் குறைத்துக் கடலையும் பயறும் காய்கறியும் இட்டார்கள். பக்கத்து வயல்காரனும் குறைக்கிறான் என்பது சுவரில் எழுதியிருந்ததால் எனக்கும் குறைக்கத் துணிவு வந்தது என்பதுதான் இதன் சூட்சுமம். மேலே சொன்ன இளநீர்க் குழப்பத்தைத் தீர்க்க மனித குலம் இதுவரை கண்டிருக்கும் வழிகளுள் இதைவிடக் கண்ணியமானது வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. மீஞ்சூர்ப் படுகையில் செய்ய வேண்டியது இதோடு ஒன்றைச் சேர்ப்பதே: நீர்மட்டத்தை அளக்கும் அதே கிணறுகளில், கையடக்கமான மின்கடத்துமானியை நீரில் தோய்த்து உப்பையும் அளந்து எழுதுவது.

இனி நகரத்தின் பக்கம் திரும்புவோம். 1990-களில் பெசன்ட் நகரில் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்கு வீடுகள் எழுந்து, ஒவ்வொன்றும் ஆழ்குழாய் இறக்கியபோது, கடற்கரையை ஒட்டிய அந்த மணலிலும் உப்பு வந்துவிடும் என்று அஞ்சிய ஒருவர் அங்கே வசித்தார். இயற்பியல் பயின்ற சேகர் ராகவன் என்ற அப்பெரியவர், 1995-ஆம் ஆண்டு வாக்கில் வீடு வீடாகச் சென்று, கூரையில் விழும் மழையைத் தெருவில் விடாமல் கிணற்றில் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கேட்டவர்கள் சிலரே. அவர் விடவில்லை. 2002-ஆம் ஆண்டு, வீடு கட்டுகிறவர்கள் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி மழை மையம் ஒன்று மந்தைவெளிப் பக்கம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம், பழையதும் புதியதுமான எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. அண்டை வீட்டாரிடம் ஒருவர் வேண்டிக்கொண்ட காரியம் எட்டே ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் சட்டமாயிற்று.

கணக்கை வாசகர்களே போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுரமீட்டர் கூரையின்மேல் இது 1,40,000 லிட்டர். வீணாவது போக ஐந்தில் நான்கு பங்கு கிணற்றுக்குப் போனாலும் 1,12,000 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுப்படி நான்கு பேருள்ள குடும்பத்துக்கு அரையாண்டுக்கு மேல் இது போதும். அடுக்கு வீடுகளில் தலைக்கு இத்தனை கூரை இல்லை என்பது மெய். ஆனாலும் தெருவின் நீரும் பூங்காவின் நீரும் பள்ளிக்கூட முற்றத்தின் நீரும் எவருக்கும் சொந்தமில்லாமல் கூவத்துக்கும் கடலுக்கும் ஓடுகின்றன என்பதும் மெய்.

சட்டம் வந்த வேகத்தில் கட்டப்பட்டவை பல, வந்த வேகத்திலேயே மறக்கப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மணற்பாங்கான மயிலாப்பூருக்கும் களிமண் நிலமான பிற பகுதிகளுக்கும் ஒரே மாதிரிக் குழி பொருந்தாது. களிமண் உள்ள இடத்தில் அதனை ஊடுருவி மணல் தட்டும் வரை இறங்கும் உறைக்கிணறு வேண்டும். கூரைக் குழாயின் வடிகட்டியில் சருகும் மண்ணும் சேர்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழுவாவிட்டால் அது நீருக்கு வழியாயிராமல் தடையாகிவிடும். கட்டச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு உண்டு. கழுவும் பழக்கம் குடியிருப்போரிடமிருந்து வரவேண்டும். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தபோது, கிணற்றைப் பேணி வந்த தெருக்கள் தாங்கி நின்றன. நகரத்தின் பிற பகுதிகளுக்காக மீண்டும் திருவள்ளூர் விவசாயக் கிணறுகளை நோக்கி லாரிகள் சென்றன. பெசன்ட் நகரிலோ மடிப்பாக்கத்திலோ தூர்ந்துபோன ஓர் உறைக்கிணற்றுக்கும் மீஞ்சூரில் உயரும் உப்புக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவு நேரடியானது.

ஆலைகள் இவ்விஷயத்தில் எதிர்பாராத ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கின்றன. 1990-களின் தொடக்கத்திலேயே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும், வறட்சியின் நெருக்கடியால், நகரத்தின் சாக்கடை நீரை வாங்கித் தாமே தூய்மை செய்து உபயோகிக்கத் தொடங்கின. 2019-ஆம் ஆண்டு கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை தூய்மை செய்யும் நிலையங்கள் திறக்கப்பட்டு, கொடுங்கையூர் நீர் வடசென்னை ஆலைகளுக்குச் செல்கிறது. ஒரு காலத்தில் மீஞ்சூர்ப் படுகையை உறிஞ்சிய பிரதேசத்துக்கே நகரம் தன் கழிவைத் தூய்மை செய்து அனுப்புகிறது என்பது, நடந்த அநீதிக்குத் தாமதமான ஒரு பரிகாரம். கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்தார் இன்னும் ஒரு படி சென்றார்கள்: 1976-ஆம் ஆண்டு முதல் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தி, கடற்கரையோரக் கிணறுகளின் வரிசையில் உட்செலுத்தி, உப்புநீருக்கு எதிரே நன்னீரால் ஓர் அரண் எழுப்பினார்கள்.

கடலின் நீரையே குடிநீராக்கிவிடலாமே என்பவர்களும் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஜூலையில் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டு மீஞ்சூரின் பெயராலேயே வழங்கும் நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தருவதற்கென அமைக்கப்பட்டது. நகரத்துக்கு அது செய்திருக்கும் உபகாரம் பெரிது. ஆனால் ஒரு லிட்டர் நன்னீருக்கு இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட கடல்நீரை உள்ளிழுத்து, எஞ்சியதை ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலிலேயே விடவேண்டியிருக்கிறது. ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டியிருக்கிறது. மழை இதே வேலையை இனாமாகச் செய்கிறது. அந்த மின்சாரத்தைத் தரும் மின்தொகுப்புக்கு ஊட்டமளிக்கும் அனல் நிலையங்கள் சில இதே கரையில், கொசஸ்தலையின் முகத்துவாரத்தை ஒட்டி நிற்கின்றன. அவற்றின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து இறாலும் மீனும் குறைந்ததை முதலில் உணர்ந்தவர்கள் எண்ணூர்க் குப்பத்து மீனவர்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் கழியில் இறங்கி நின்று போராடியும், உடைந்த சாம்பற்குழாய்களைப் படமெடுத்தும், நீதிமன்றம் சென்றும் பல ஆண்டுகள் விடாமல் முறையிட்டார்கள். 2022-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாம்பலால் நேர்ந்த கேட்டுக்கு மின்வாரியத்தின் பொறுப்பை நிலைநாட்டிக் கழிமுகத்தைச் சீர்செய்யக் கட்டளையிட்டது. ஆற்றின் வாயைக் காக்க மீனவர் போராடுவதும், ஆற்றின் மணலைக் காக்க விவசாயி அளந்து எழுதுவதும், கூரையில் விழுந்ததை நகரவாசி கிணற்றில் சேர்ப்பதும் ஒரே நீரைப் பற்றிய காரியங்கள். இவர்கள் ஒருவரையொருவர் அறியாமலிருப்பது நம் காலத்தின் குறை.

கெட்ட படுகை மீளுமா என்பது நியாயமான கேள்வி. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853-ஆம் ஆண்டு முதல் கடற்கரை மணல்மேடுகளிலிருந்து குடிநீர் எடுத்து, நூறு ஆண்டுகளில் அவற்றின் அடியிலிருந்த உப்புநீரை மேலெழச் செய்துவிட்டது; 1957-ஆம் ஆண்டு முதல் ரைன் நதியின் நீரைக் கொண்டுவந்து அம்மணலில் ஊறவிட்டுத்தான் அதனை நிலைநிறுத்திற்று. உள்ளே வந்த வேகத்தில் உப்பு வெளியேறுவதில்லை, ஏனெனில் மணலில் உள்ள உப்பைத் தள்ளிய பிறகும் களிமண் அடுக்குகளில் ஊறியது பல ஆண்டுகள் கசிந்துகொண்டிருக்கும். மீஞ்சூரிலும் நல்ல மழை பெய்த ஆண்டுகளுக்குப் பின் சில கிணறுகள் தெளிவதும், அடுத்த வறட்சியில் மீண்டும் கரிப்பதும் உண்டு. தெளிந்த ஆண்டில் பம்பை அதிகமாக ஓட்டாமலிருப்பதே மீட்சியின் கடினமான பகுதி.

ஆகவே காலண்டரைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியங்கள் இவை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குவதால், புரட்டாசி முடிவதற்குள் சென்னையின் தெருச் சங்கங்கள் தத்தம் கூரைக் குழாய்களின் வடிகட்டிகளைக் கழுவி, உறைக்கிணறுகளின் அடி வண்டலை எடுத்துவிட வேண்டும். அதே வாரங்களில் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து ஊரார் ஏரிகளின் வரத்துக் கால்வாய்களைத் திறந்து, கலிங்கலையும் மதகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் கிணறுகளின் மட்டத்தையும் உப்பையும் அளந்து, நவரை நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்று ஊர் கூடித் தீர்மானிக்க வேண்டும். சித்திரையில் மறுபடியும் அளக்க வேண்டும். அந்த எண்களை ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் மட்டுமல்லாமல், அந்நீரைக் குடிக்கும் நகரத்தின் வார்டு அலுவலகச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும்.